ஸ்ட்ராபெர்ரியைத் தாக்கும் பூச்சிகள்: இயற்கை வழிக் கட்டுப்பாடு குறித்த கேள்வி பதில்

கேள்வி: கொழுந்தின் அடியில் பச்சைப் பூச்சிகள் மொய்க்கின்றன, எறும்புகளும் ஏறுகின்றன. வேப்பெண்ணெயை நீரில் கலந்து இருமுறை தெளித்தும் பயனில்லையே, ஐயா?

பதில்: அவை அசுவினிகள். அவை வெளியேற்றும் இனிப்பான கழிவுக்காக வரும் எறும்புகள், அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளை விரட்டிவிடுகின்றன. ஆகவே முதலில் எறும்புகள் ஏறும் வழியை அடைத்துவிடுங்கள். வேப்பெண்ணெய் தனியாக நீரில் கரையாது. நீங்கள் தெளித்ததில் பெரும்பகுதி வெறும் நீராகவே இருந்திருக்கும். ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. எண்ணெயும் சிறிது திரவ சோப்பும் சேர்த்துப் பால்போல் வரும்வரை கலக்கி, ஓர் இலையில் சோதித்துப் பார்த்தபின், வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். வேம்பு பூச்சியின் வளர்ச்சியையும் தோலுரிப்பையும் தடுக்கிறதே தவிர உடனே கொல்வதில்லை என்பதால், ஒரு வாரம் கழித்து மீண்டும் தெளிக்க வேண்டும். விரிந்த பூக்களின்மீது மட்டும் படவிடாதீர்கள். தேனீக்கள் அங்கேதான் வருகின்றன.

கேள்வி: இலைகளில் வெளிர்ப் புள்ளிகளும் மெல்லிய நூலாம்படையும் காணப்படுகின்றன.

பதில்: இது செஞ்சிலந்தி, எட்டுக் கால்கள் கொண்டது, பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. வறட்சியிலும் வெப்பத்திலும் பெருகும். சில நாள்கள் தொடர்ந்து இலையின் அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் குறைந்துவிடும்.

கேள்வி: பழத்தின் நுனி சூம்பி, விதைகள் நெருங்கிக் கோணலாக இருக்கிறது. எந்தப் பூச்சியின் வேலை இது?

பதில்: பூச்சியின் வேலைதானா என்பதையே முதலில் உறுதிசெய்ய வேண்டும். ஸ்ட்ராபெர்ரியில் ஒவ்வொரு விதையும் கருவுற்றால்தான் அதைச் சுற்றிய சதை பருக்கும். சூம்பிய இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். விதைகள் மிகச் சிறுத்திருந்தால் மகரந்தச் சேர்க்கை குறைவு. அதற்கு மருந்து தேவையில்லை, செடிமேல் வலை போர்த்தியிருந்தால் பூக்கும் காலத்தில் அதை விலக்கினால் போதும். விதைகள் இயல்பான அளவில் இருந்தும் சதை மட்டும் வளரவில்லையெனில், சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியைச் சந்தேகிக்கலாம். காலையில் பூங்கொத்தின் அடியில் வெள்ளைத் தட்டைப் பிடித்துத் தட்டினால் குஞ்சுகள் உதிரும். அருகிலுள்ள களைகளைப் பூக்கும் முன்பே அகற்றுங்கள். பூத்தபின் வெட்டினால் அங்கிருக்கும் பூச்சிகளெல்லாம் உங்கள் செடிக்கே குடிபெயரும்.

கேள்வி: நன்றாகத் தோன்றும் பழத்தைப் பிட்டால் உள்ளே சிறு வெண்புழுக்கள் நெளிகின்றன.

பதில்: இவை புள்ளி இறக்கைப் பழ ஈயின் புழுக்களாக இருக்கலாம். சாதாரணப் பழ ஈ அழுகிய பழத்தை நாடும், இந்த ஈயோ ரம்பம்போன்ற முட்டையிடும் உறுப்பால், பழுத்துவரும் பழத்தின் தோலையே கிழித்து முட்டையிடுகிறது. புழு உள்ளே இருப்பதால் தெளிப்பு அதை எட்டாது. பழுத்தவற்றை நாள்தோறும் பறியுங்கள். கெட்டவற்றை எருக்குழியில் இடாமல், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் வையுங்கள். காய் பிடித்தபின் 1 மி.மீ.க்கும் குறைந்த கண்ணுடைய வலையைப் போர்த்தலாம்.

கேள்வி: இலை விளிம்பு அரைவட்டமாகக் கடிபட்டுள்ளது, நீர் விட்டும் செடி வாடுகிறது.

பதில்: விளிம்பைக் கடிப்பது இரவில் வரும் கூன்வண்டு, செடியை வாட்டுவது மண்ணுக்குள் வேரைத் தின்னும் அதன் புழு. வாடிய செடியொன்றைப் பிடுங்கி, காலில்லாத, வளைந்த வெண்புழு இருக்கிறதா எனப் பாருங்கள். இருந்தால், பூச்சிகளைத் தாக்கும் நூற்புழுக்களை (மண்ணில் வாழும் நுண்ணிய புழுக்கள்) நீரில் கலந்து மாலையில் ஈரமண்ணில் ஊற்றி, அடுத்த இரு வாரங்கள் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த மண்ணில் அவை நகர இயலாமல் மடிந்துவிடும்.