களை எடுப்போர் பூச்சி விரட்டிக் களிம்பு பூசலாமா?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் நான்கு ஏக்கரில் காபியும் மிளகும் வைத்திருக்கிறேன். மழை தொடங்கியதிலிருந்து களை வெட்டும் பெண்களுக்குக் கொசு, அட்டை, பூச்சிக்கடித் தொல்லை அதிகமாக இருக்கிறது. இரண்டு பேர் ஒரு வாரமாகக் காய்ச்சலில் படுத்திருக்கிறார்கள். ‘டீட்’ என்னும் பூச்சி விரட்டி மருந்து கலந்த களிம்பை நாள்தோறும் பூசினால் தோலுக்குக் கெடுதலா? ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மருமகளும் தோட்டத்துக்கு வருகிறாள். மாட்டு உண்ணிக்கு அடிக்கும் டெல்டாமெத்ரினைத் தேங்காய் எண்ணெயில் கலந்து காலில் தேய்த்தால் செலவு குறையும் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

பதில்: தாங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்த காய்ச்சலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். புல்லிலும் புதரிலும் இருக்கும் சிற்றுண்ணியின் இளம்புழு கடித்துப் பரவும் உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைஃபஸ்), மலைத் தோட்டங்களில் மழைக்குப் பிறகு எப்போதும் நினைவில் வைக்க வேண்டிய நோய். கடி வலிக்காது, கடித்து 6 முதல் 21 நாள்களுக்குள் காய்ச்சல் வரும். இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் பீடி சுட்டதுபோல் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று வீட்டுப் பெண்களைக் கொண்டு இன்றே பார்க்கச் சொல்லுங்கள். பொருக்கு இல்லாவிட்டாலும் அந்த இருவரையும் மருத்துவமனைக்கு அனுப்பி, புல் வெட்டும் வேலை செய்பவர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்ல வைக்க வேண்டும். காலத்தில் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் குணமாகும் நோய் இது. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள்.

இனி களிம்பு. 1946இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கப்பட்டு 1957 முதல் பொதுமக்களிடம் புழங்கிவரும் டீட், முறையாகப் பூசினால் பாதுகாப்பானது. கடுமையான பாதிப்புகள் அரிது, அவற்றில் பல விழுங்கியதாலோ அளவுக்கு மீறிப் பூசியதாலோ நேர்ந்தவை. அது பூச்சியைக் கொல்வதில்லை, அண்டவிடாமல் செய்கிறது. சதவீதம் கூடினால் வலிமை கூடும் என்பதைவிட, காக்கும் நேரம் நீளும் என்று புரிந்துகொள்ளுங்கள்: 10 சதவீதம் ஏறத்தாழ இரண்டு மணி நேரமும், 20 முதல் 30 சதவீதம் நான்கு முதல் ஆறு மணி நேரமும் தாங்கும், 50 சதவீதத்துக்கு மேல் பெரிய ஆதாயம் இல்லை. மழையிலும் வியர்வையிலும் இந்த நேரம் குறையும். தாய்லாந்து எல்லைப் பகுதியில் முதல் மூன்று மாதம் கடந்த கர்ப்பிணிகள் 20 சதவீத டீட்டை நாள்தோறும் பூசிய ஆய்வில், தாய்க்கோ குழந்தைக்கோ கேடு காணப்படவில்லை. ஆகவே தங்கள் மருமகளும், தம் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, பூசலாம். புண்ணிலும் கண்ணருகிலும் ஆடை மூடிய தோலிலும் பூசக் கூடாது. மாலையில் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். நம் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் களிம்புகள் பலவற்றில் இருப்பது டீட் அன்று, டைஎத்தில் பென்சமைடு என்னும் வேறொரு பூச்சி விரட்டி. எதை வாங்கினாலும் மருந்தின் பெயரும் சதவீதமும் அச்சிடப்படாத டப்பாவைத் தொடாதீர்கள். குளவிக்கும் தேனீக்கும் இவை எதுவும் பயன்படாது.

கடைக்காரர் சொன்னதை அறவே செய்யாதீர்கள். மாட்டு உண்ணி மருந்து மனிதத் தோலில் தேய்ப்பதற்காகத் தயாரிக்கப்பட்டதன்று. அதிலுள்ள கரைப்பான்கள் தோலை அரிக்கக்கூடியவை, டெல்டாமெத்ரின் பட்ட இடம் எரியும், மரத்துப்போகும். அதை எண்ணெயில் கலந்து மணிக்கணக்கில் தோலிலேயே இருத்துவது நஞ்சு உள்ளே இறங்க வழி செய்வதாகும். பயிர் மருந்தும் கால்நடை மருந்தும் விற்பவருக்கு மனித உடம்பைப் பற்றி யோசனை சொல்லும் தகுதி இல்லை. செலவு குறையும் என்று சொல்லி, கூலி வேலைக்கு வரும் பெண்களின் காலில் நஞ்சைத் தேய்க்கச் சொல்பவரின் கடையில் வேறு மருந்து வாங்குவதையும் நான் மறுபரிசீலனை செய்வேன்.

தாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, களை வெட்டுபவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்பது. பூச்சிக்கடியைத் தடுப்பதில் துணிக்கே முதலிடம், களிம்புக்கு அதற்குப் பின்தான் என்பதை நான் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறேன். சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு வெறுங்காலுடன் ஈரப்புல்லில் நிற்பவருக்கு எந்தக் களிம்பும் முழுப் பாதுகாப்புத் தராது. அட்டைக்கும் சிற்றுண்ணிக்கும் அந்தக் கால்தான் ஏணி. முழுக்கால் சட்டை, அதன் நுனியை உள்ளே செருகிய நெருக்கமான நெசவுள்ள, அட்டை ஏறவிடாத காலுறை, முழுக்கைச் சட்டை, காலணி ஆகியவற்றை வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் தோட்டக்காரரே வாங்கித் தர வேண்டும். அதைத் தொழிலாளியின் கூலியில் பிடிக்கக் கூடாது. டீட்டைக் காலுறையின் மேலும் சட்டை நுனியிலும் தடவினால் ஊர்ந்து ஏறுபவை அங்கேயே விலகும். பருத்திக்கு அதனால் கெடுதல் இல்லை. ரேயான், தோல், பிளாஸ்டிக் ஆகியவற்றை அது கெடுக்கும். துணிக்கென்றே தயாரித்த 0.5 சதவீத பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் வயலுக்கு அடிக்கும் பெர்மெத்ரினை அதற்கு மாற்றாக்காதீர்கள். கழற்றிய சட்டையைப் புல்மேல் போடாமலும், சாப்பாட்டு வேளையில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தும், வீடு திரும்பியதும் குளித்து உடைகளை வெந்நீரில் துவைத்தும் பழகினால் கடி குறையும். சிற்றுண்ணியைச் சுமந்து திரிவது எலி என்பதால், பாதையோரப் புல்லைக் குட்டையாக வெட்டிவைப்பதும் கொட்டகையில் எலியை ஒடுக்குவதும் இதே வேலையின் பகுதிதான்.

ஒன்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். தண்டைக் குடையும் வண்டான வெள்ளைத் தண்டு துளைப்பானுக்காக அராபிகா காபிச் செடியின் தண்டில் குளோர்பைரிபாஸ் போன்ற மருந்து பூசும் நாளில், அந்த ஆட்கள் தோலில் களிம்பு பூசக் கூடாது. வேறு சில வேதிப்பொருள்கள் தோலுக்குள் எளிதாகப் புக டீட் உதவுவது ஆய்வகச் சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. அன்றைக்குக் களிம்புக்குப் பதிலாக ரப்பர் கையுறையும் முழு உடையும் கட்டாயம் வேண்டும். தங்கள் மருமகளை அன்று தோட்டத்துக்கே அழைத்து வராதீர்கள்.