வாகனக் கேள்வி-பதில்: பின் சீற்றில் இருந்து பாருங்கள்

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமி என்று ஐந்து பேர். காலையில் பிள்ளைகளைப் பம்பலப்பிட்டியில் பாடசாலையில் விட்டுவிட்டு நான் கோட்டைக்கு வேலைக்குப் போகவேண்டும். வருடத்தில் ஒருமுறை நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம், ஒருமுறை நுவரெலியா. எங்கள் காசுக்குள் 2018 வேகன் ஆர், 2015 விட்ஸ், 2013 அக்குவா மூன்றும் வருகின்றன. எது வசதி? எது நன்றாக இழுக்கும்?

பதில்: வேகன் ஆரை முதலில் கழித்துவிடுங்கள். கார் நல்ல கார்தான், ஆனால் உங்கள் வீட்டு ஆள் கணக்குக்கு அது சரிவராது. ஜப்பானிலிருந்து வரும் வேகன் ஆர் அந்த நாட்டின் சிறுரக வாகன விதிப்படி செய்யப்பட்டது. நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், எஞ்சின் 660 சிசி, இவற்றைத் தாண்டக் கூடாது. ஆட்களும் நான்கு பேர்தான். பின்கதவைத் திறந்து பார்த்தால் சீற் பெல்ட் இரண்டுதான் இருக்கும். யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அவ்வளவு தூரமும் ஒரு பிள்ளையைப் பெல்ட் இல்லாமல் நடுவில் இருத்திக்கொண்டு போங்கள் என்று எழுத எனக்கு மனம் வராது. நீங்கள் நான்கு பேர் என்றால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். கூரை 1.65 மீற்றர் உயரம், சீற்றும் உயரம். மாமி குனியாமல் ஏறி இறங்கலாம்.

மிச்சம் இரண்டு. காலி வீதி நெரிசலுக்கு அக்குவாவை அடிக்க ஆளில்லை. அது ஹைபிரிட், அதாவது பெற்றோல் எஞ்சினும் பற்றரியில் ஓடும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் கார். நின்று நின்று போகும்போது எஞ்சின் அணைந்திருக்கும், ஆனால் ஏசி நிற்காது, ஏனென்றால் அதன் கொம்பிரஸர் பற்றரி மின்சாரத்தில் ஓடுகிறது. ஏப்ரல் வெயிலில் பாடசாலை வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது அதன் அருமை தெரியும். விட்ஸில் எஞ்சின் ஓடினால்தான் குளிர். அதோடு அந்த 1000 சிசி எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர்தான் என்பதால், சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் தெரியும். பழுது என்று பயப்பட வேண்டாம், அதன் சுபாவம் அது.

ஆனால் அக்குவாவின் வடிவம் மாமிக்கு எதிரி. காற்றைக் கிழித்துப் போகவேண்டும் என்று கூரையைப் பின்பக்கம் சரித்திருக்கிறார்கள். மொத்த உயரம் 1.445 மீற்றர். பின் சீற் தாழ்வு, கதவு வாயும் ஒடுக்கம். தலையைக் குனிந்து, இடுப்பைத் திருப்பி, முழங்காலை மடித்துத்தான் உள்ளே போகவேண்டும். இறங்கும்போது முழு உடம்பையும் முழங்கால்தான் தூக்கவேண்டும். விட்ஸின் உயரம் 1.5 மீற்றர். ஐந்து சென்ரிமீற்றர் சொற்பமாகத் தெரியலாம், ஆனால் அதில் நிமிர்ந்து இருக்கலாம், ஏறி இறங்குவதும் இலகு.

இழுவையைக் கேட்டீர்கள். அக்குவா எஞ்சின் 74 குதிரைவலு, மோட்டாரும் சேர்ந்தால் 100. விட்ஸ் 69. தம்புள்ளை வழியாக ஏ9 வீதியில் போகும்போது லொறி ஒன்றை முந்துவதற்கு அக்குவா சட்டென்று கைகொடுக்கும். ரம்பொடை ஏற்றத்தில் கதை கொஞ்சம் மாறும். நீண்ட ஏற்றத்தில் பற்றரி இறங்க இறங்க மோட்டாரின் உதவி குறையும், கடைசியில் பெரும்பாலும் எஞ்சின்தான் இழுக்கும். அக்குவா விட்ஸைவிட ஏறக்குறைய 100 கிலோ பாரம் வேறு. ஆகவே மலையில் இரண்டுக்கும் காகிதத்தில் தெரிகிற அளவு இடைவெளி இல்லை. இரண்டும் ஏறும். விட்ஸ் இரைந்துகொண்டு ஏறும், அவ்வளவுதான்.

அப்புறம் பற்றரி. 2013 அக்குவா என்றால் பத்து வருடம் தாண்டிய வண்டி. ஹைபிரிட் பற்றரி பின் சீற்றுக்கு அடியில் இருக்கிறது. அதைக் குளிரவைக்கும் காற்று சீற்றின் ஓரத்திலுள்ள ஒரு சின்ன வலைத் துவாரத்தால்தான் போகிறது. பார்க்கப் போகும் வண்டியில் அந்த மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே தூசும் தலைமயிரும் பிஸ்கட் தூளும் கறுப்பாகப் படிந்திருந்தால், அந்தப் பற்றரி எத்தனையோ நாள் வெந்திருக்கிறது என்று அர்த்தம். மீற்றரில் எத்தனை கிலோமீற்றர் காட்டினாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். துவாரம் சுத்தமாக இருந்தாலும், ஹைபிரிட் தெரிந்த கராஜில் ஸ்கேன் போட்டுப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

உங்கள் நிலையில் என் தெரிவு விட்ஸ். பெற்றோல் செலவு கூடத்தான் செய்யும். ஆனாலும் பழைய பற்றரியின் பயம் இல்லை, மாமிக்கும் சுகம். முடிவெடுக்கும் நாளில் மாமியையும் கார் சேலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே பெரும்பாலும் வாங்குகிறவரை முன்னால் இருத்தி, நல்ல வீதியில் ஒரு சுற்று விடுவார்கள். நீங்கள் ஐந்து பேரும் ஏறி, வேகத்தடையும் குழியும் உள்ள ஓர் ஒழுங்கைக்குள் விடச் சொல்லுங்கள். பாதி வழியில் நீங்கள் பின்னுக்குப் போய் இருந்து பாருங்கள்.

கேள்வி: அக்குவா லீற்றருக்கு 35 கிலோமீற்றர் ஓடும் என்று விளம்பரத்தில் பார்த்தேன். கொழும்பில் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. 2011 டிசம்பரில் ஜப்பானில் அது வெளிவந்தபோது சொன்ன 35.4 என்பது ஆய்வுகூடத்தில், உருளைமேல் ஓடவிட்டு எடுத்த கணக்கு. இங்கே ஏசி போட்டு நெரிசலில் 20ஐத் தாண்டினாலே நல்ல வண்டி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அறிய ஒரே வழி: டாங்கியை நிரப்பி, ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்கி, ஒரு கிழமை ஓடி, அதே நிலையத்தில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லீற்றரால் வகுப்பது. டாஷ்போர்டு காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: என் அக்ஸியோவில் 185/60 ஆர்15 டயர். அழகுக்காக 17 அங்குல அலோய் வீல், 205/40 டயர் போட நினைக்கிறேன். வசதி குறையுமா?

பதில்: நன்றாகவே குறையும். 185/60 என்றால் டயரின் அகலம் 185 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம், அதாவது 111 மில்லிமீற்றர். 205/40இல் அது 82. வீதியின் அடியை முதலில் வாங்குவது அந்த ரப்பரும் அதற்குள் உள்ள காற்றும்தான். அதில் ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றரை நீங்களே வெட்டி எறிகிறீர்கள். மழை நாளில் தண்ணீர் நிறைந்த குழியில் விழுந்தால் ரிம் வளைவதற்கும் டயர் வீங்குவதற்கும் வாய்ப்பு அதிகம். அழகு வேண்டும் என்றால் அதே 15 அங்குலத்தில் நல்ல வடிவம் உள்ள அலோய் கிடைக்கும். மிச்சக் காசில் தேய்ந்த ஷொக் அப்சோபர்களை மாற்றுங்கள். அந்த வித்தியாசம் பின்னால் இருப்பவர்களுக்கு அன்றைக்கே தெரியும்.