பிறஷர் குளிசை அம்லோடிபினைக் கூட்டினாப் பிறகு கால் வீக்கம்: இதயம் பழுதோ?

கணுக்கால் வீக்கத்தை மட்டும் வைச்சு உங்கட அம்மாவுக்கு இதயம் பலவீனம் எண்டு முடிவெடுக்க ஏலாது. கிளினிக்கில அம்லோடிபின் 5 இலிருந்து 10 மில்லிகிராம் ஆக்கி மூண்டு கிழமையில ரெண்டு காலும் வீங்கினது எண்டு எழுதியிருக்கிறியள். எனக்கு முதல் சந்தேகம் அந்தக் குளிசையிலதான். அது சிறு நாடிகளை விரிக்கும். நுண்குழாய்களில அழுத்தம் கூடி நீர் கசிஞ்சு கீழ இறங்கும். அதுதான் பின்னேரம் செருப்பு வார் பதிஞ்சு தடம் தெரியுது, காலமை வத்துது.

பெருவிரலால அமத்திக் குழி விழுதோ எண்டு பாக்கிறதை நம்பாதேங்கோ, குளிசையால வீங்கினாலும் இதயத்தால வீங்கினாலும் குழி விழும். இதயமோ எண்டு அறிய இதைச் செய்யுங்கோ:

1. காலமை சலம் போனாப் பிறகு, சாப்பிட முதல் நிறை பாத்து ஒரு கொப்பியில எழுதுங்கோ. மூண்டு நாளில 2 கிலோ ஏறினா உடன டொக்டரிட்டைக் காட்டுங்கோ.

2. இரவில எத்தினை தலகணி வைக்கிறா? மல்லாந்து படுக்க மூச்சு முட்டுதோ, நடுச்சாமத்தில எழும்பி இருக்கிறாவோ? இதை அவவிட்டையே கேளுங்கோ. எங்கட அம்மாமார் தாங்களாச் சொல்லமாட்டினம்.

குளிசையை நீங்களா நிப்பாட்ட வேண்டாம், பிறஷர் எகிறும். கொப்பியோட கிளினிக்குக்குப் போனா அளவைக் குறைப்பினம், இல்லாட்டி மாத்துவினம்.

ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தா அது வேற கதை, நாளத்தில இரத்தக்கட்டி இருக்கலாம். அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. மூச்சுத் திணறினாலோ நெஞ்சு இறுக்கினாலோ ஓட்டோ தேடாமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.