அம்மா அப்பா தவறின பிறகு இங்கிலாந்து வாரிசு வரி ஃபார்ம்: உங்க கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: அண்ணா, அம்மா போன மாசம் தவறிட்டாங்க. வீடு 5 லட்சம் பவுண்டு, சேவிங்ஸ் 3 லட்சம், எல்லாம் எங்களுக்குத்தான். அப்பா 2011லயே போயிட்டார், எல்லாத்தையும் அம்மாவுக்கே எழுதியிருந்தார். 40% வரின்னு பயமுறுத்துறாங்க.

பதில்: மனசைத் தேத்திக்கோங்க தம்பி. இங்க வரியே வராது, ஆனா கேட்டு வாங்கணும், தானா யாரும் கழிச்சுத் தர மாட்டாங்க. அம்மாவோட வரியில்லா வரம்பு 3,25,000, அப்பா தொடாம விட்ட அதே வரம்பு 3,25,000, வீடு பிள்ளைங்களுக்குப் போறதால வீட்டு சலுகையா அம்மாவுக்கு 1,75,000, அப்பா பங்கா இன்னொரு 1,75,000, ஆக மொத்தம் 10 லட்சம் வரைக்கும் வரியில்ல, உங்க சொத்து 8 லட்சம்தான். வீட்டு சலுகை 2017லதான் வந்துச்சு, அப்பா 2011லயே போயிட்டாரேன்னு நிறைய பேர் கடைசி 1,75,000ஐ விட்டுடறாங்க, அது தப்பு, ரெண்டாவது மரணம் 2017 ஏப்ரல் 6க்கு அப்புறம்னா போதும். வாரிசு வரியோட முக்கிய ஃபார்ம் ஐஎச்டி 400, அது கூட அப்பாவோட வரம்பைக் கேக்குற 402, வீட்டு சலுகைக்கான 435, அதுல அப்பா பங்குக்கான 436 மூணையும் சேர்த்து அனுப்புங்க. அப்பாவோட உயில், ப்ரோபேட் (இறந்தவர் சொத்தைக் கையாள கோர்ட் தர்ற அனுமதி) நகல் வேணும், ப்ரோபேட் எடுக்கலேன்னா டெத் சர்டிபிகேட். 402ல கல்யாணத் தேதி, ஊர் எல்லாம் கேப்பான், பழைய பெட்டியெல்லாம் இப்பவே தேடிடுங்க.

கேள்வி: எங்கப்பா 2003 மே மாசம் போனப்போ 51,000 பவுண்டு எங்களுக்கு எழுதிட்டார், மீதி அம்மாவுக்கு. இப்ப அம்மாவும் இல்ல. அந்த 51,000ஐ 3,25,000ல கழிக்கணுமா?

பதில்: இல்லம்மா, சதவீதத்துலதான் கணக்கு. அப்போ வரம்பு 2,55,000, அதுல 51,000ன்னா 20%. மிச்சம் 80%, அதை இன்னைக்கு வரம்பான 3,25,000ல போட்டா 2,60,000 கிடைக்கும். நேரடியா கழிச்சா 2,74,000னு தப்பா வரும்.

கேள்வி: பெரியம்மாவுக்குப் பிள்ளைங்க இல்ல, வீட்டை எனக்கு எழுதிட்டாங்க. வீட்டு சலுகை உண்டா?

பதில்: கிடையாது. பிள்ளை, பேரப்பிள்ளை, வளர்ப்புப் பிள்ளை, அவங்களோட கணவன் மனைவிக்குத்தான்.

கேள்வி: எங்க அம்மா சொத்து மொத்தம் 6 லட்சம்தான், அப்பாவோடது முழுசா மிச்சம் இருக்கு. 400 நிரப்பணுமா?

பதில்: பெரும்பாலும் வேணாம். ரெண்டு 3,25,000லயே 6,50,000 வரைக்கும் அடங்கிடுது, ட்ரஸ்ட், பெரிய அன்பளிப்பு, வெளிநாட்டு சொத்துன்னு சிக்கல் இல்லேன்னா ப்ரோபேட் அப்ளிகேஷன்லயே சொல்லிடலாம். அதுக்கு மேல போய் வீட்டு சலுகை தேவைப்பட்டாதான் 400 கட்டாயம்.

கேள்வி: வரி கட்டணும், ஆனா வீடு விக்காம கையில காசு இல்லையே அண்ணா?

பதில்: இதுதான் எல்லாரையும் உலுக்குற விஷயம், ப்ரோபேட் வராம வீட்டை விக்க முடியாது, வரி கட்டாம ப்ரோபேட் வராது. ஐஎச்டி 423 குடுத்தா இறந்தவங்க பேங்க் அக்கவுண்ட்லேர்ந்து நேரா ஹெச்எம்ஆர்சிக்கு, அதாவது இங்கிலாந்து வரித்துறைக்கு, பணம் போகும். வீட்டுக்கான வரியை 10 வருஷத் தவணையாவும் கட்டலாம், வட்டி உண்டு, வித்துட்டா மிச்சத்தை உடனே கட்டணும். இறந்த மாசத்துக்கு அப்புறம் 6வது மாசக் கடைசிதான் வரி கட்ட கெடு, ஜனவரின்னா ஜூலை 31. ஃபார்முக்கு 12 மாசம் டைம் இருக்குன்னு அசந்துடாதீங்க, வட்டி ஆகஸ்ட் 1லயே ஓட ஆரம்பிச்சுடும். வரி கட்டத் தேவையான ரெஃபரன்ஸ் நம்பர் வர 3 வாரம் ஆகலாம், அதை முதல்ல கேட்டு வைங்க.

கேள்வி: திருச்சியில அப்பா பேர்ல ஒரு வீடு இருக்கு, அதையும் காட்டணுமா?

பதில்: 2025 ஏப்ரல் 6க்கு அப்புறம் இறந்து, அதுக்கு முந்தின 20 வரி வருஷத்துல 10 வருஷமாவது இங்க இருந்திருந்தார்னா உலகத்துல எங்க இருக்குற சொத்தும் கணக்குல வரும், ஐஎச்டி 417ல போடணும். ஆனா அப்பாவோட டொமிசைல், அதாவது சட்டப்படி நிரந்தரத் தாயகம், இந்தியாவா இருந்து, அந்த வீடு இங்கத்த உயில்படி கைமாறலேன்னா, இந்தியாவோட 1956ல போட்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் காப்பாத்த வாய்ப்பு இருக்கு. இந்த ஒண்ணுக்கு மட்டும் அந்த ஒப்பந்தம் தெரிஞ்ச சொலிசிட்டர்கிட்ட காசு குடுத்துக் கேளுங்க, ஃபார்மை அனுப்பறதுக்கு முன்னாடியே.