பி.எஸ்சி. நர்ஸிங் முடித்தாயிற்று, அடுத்து?

கேள்வி: கோவை அவிநாசி ரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் எட்டு மாதமாக ஜெனரல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அப்பா எம்.எஸ்சி. சேரச் சொல்கிறார். கூடப் படித்தவர்கள் ஜெர்மன் கிளாஸ் போகிறார்கள். எனக்கு எய்ம்ஸ் ஆசை. அனுபவம் இல்லாமல் எழுதலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தாராளமாக எழுதலாம். எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கு நடத்தும் நார்செட் தேர்வில் இரண்டு வருட அனுபவம் கேட்பது டிப்ளமோ முடித்தவர்களிடம்தான். உங்களுக்கு நர்ஸிங் கவுன்சில் பதிவு இருந்தால் போதும். பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 30 என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும், குருட்டாம்போக்கில் டிக் அடிக்க வேண்டாம்.

நன்றாக எழுதியவர்களும் மாட்டிக்கொள்வது சாதிச் சான்றிதழில். நம் மாநில பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய அரசு வேலைக்குச் செல்லாது. கிரீமிலேயரில், அதாவது வசதி படைத்த பிரிவில், வரவில்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் வாங்கியதா என்றும் பாருங்கள்.

எம்.எஸ்சி.க்கு 55 சதவீத மதிப்பெண்ணோடு ஒரு வருட அனுபவமும் தேவை. அதனால் இன்னும் நான்கு மாதம் பொறுக்கத்தான் வேண்டும். பாடம் நடத்தப் பிடித்தால் மட்டும் சேருங்கள். நோயாளி பக்கத்திலேயே நிற்கப் பிரியமென்றால் தீவிர சிகிச்சைக்கான கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் ப்ராக்டிஷனர் என்ற இரண்டு வருட மேற்படிப்பு பொருத்தம். எப்படியானாலும் ஐ.சி.யூ.வுக்கு மாற்றல் கேளுங்கள். பின்னால் எந்த வழியில் போனாலும் அது கைகொடுக்கும்.

ஜெர்மனிக்கு பி2 அளவு, அதாவது ஓரளவு சரளமாகப் பேசும் அளவு, ஜெர்மன் மொழி வேண்டும். அங்கே போனதும் முழு நர்ஸ் ஆகிவிட முடியாது. உங்கள் படிப்பை அந்த மாகாணம் அங்கீகரிக்கும் வரை உதவியாளர் வேலை, குறைந்த சம்பளம். ஏஜென்டிடம் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வேலையை விடும்போது அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, வார்டு, மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை, முழுநேர வேலை என்ற குறிப்பு எல்லாம் இருக்கிறதா பாருங்கள். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களின் சான்றிதழைச் சரிபார்க்க மருத்துவமனைக்கே கேட்டு எழுதுவார்கள். தேதி ஒரு நாள் மாறினாலும் கேள்வி வரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகவும் டிகிரியில் வெறும் இனிஷியலாகவும் இருந்தால், இருவரும் ஒருவரே என்ற அஃபிடவிட் கைவசம் இருக்கட்டும்.

கேள்வி: சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், பெருந்துறை

பதில்: கொடுக்க வேண்டாம். அசலைக் காட்டிவிட்டு, கையெழுத்திட்ட நகலைக் கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் என்னென்ன வாங்கினார்கள் என்று முத்திரையோடு ரசீது வாங்கி வையுங்கள்.