நோர்வேயின் நற்பெயர் எதுவரை செல்லும்?

"படைபலம் இல்லாத ஒரு சிறிய நாட்டுக்கு மென்சக்தியும் (படையாலும் வற்புறுத்தலாலும் அன்றி நற்பெயரால் பிறரைத் தன்பால் ஈர்க்கும் வலிமை), பிற நாட்டு மக்களை நோக்கிய இராஜதந்திரமும் உண்மையில் பயன் தருகின்றனவா? நோர்வேயின் வழியை மற்றச் சிறு நாடுகள் பின்பற்ற முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பயன் தருகின்றன. ஆனால் அந்தப் பயன் முதலில் போய்ச் சேர்வது அந்தச் சிறிய நாட்டுக்கே அன்றி, அது உதவப் போன நாட்டுக்கு அல்ல என்பது என் முடிவு. யாழ்ப்பாணத்தில் பிறந்து நோர்வேயில் நெடுங்காலமாக வாழ்பவன் என்ற முறையில் இந்த இராஜதந்திரத்தை இரு கரைகளிலிருந்தும் பார்த்திருக்கிறேன். ஆதலால் என்னிடம் முழு நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

நோர்வேயின் மக்கள்தொகை இன்றும் ஏறத்தாழ 55 இலட்சம்தான். 1905 இல் சுவீடனுடனான ஒன்றியத்திலிருந்து பிரிந்த பிறகே அது தனி வெளிவிவகாரக் கொள்கை கொண்ட நாடானது. துருவ ஆய்வாளரான ஃப்ரிட்ஜோஃப் நான்சன், முதல் உலகப்போருக்குப் பின் நாடற்றவர்களான அகதிகளுக்கு ஒரு பயணப் பத்திரத்தை உருவாக்கி, 1922 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசையும் பெற்றார். அப்பரிசைத் தீர்மானிக்கும் பொறுப்பை நோர்வே நாடாளுமன்றம் தெரிவுசெய்யும் ஐவர் குழுவிடம் அல்பிரட் நோபல் தம் உயிலிலேயே ஒப்படைத்திருந்தார். எந்த அரசும் திட்டமிட்டுத் தேடிக்கொண்டிருக்க முடியாத பேறு அது. ஐ.நா.வின் முதல் பொதுச்செயலாளர் திரிக்வே லீயும் நோர்வேயர்தான்.

இந்த நற்பெயருக்கு அடியில் கனமான அத்திவாரம் ஒன்று இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1949 இல் நேட்டோ என்ற மேற்குலகப் படைக் கூட்டணியைத் தொடங்கிய நாடுகளுள் நோர்வேயும் ஒன்று. அதன் பாதுகாப்புக்கு அமெரிக்கா பொறுப்பு. 1969 இல் வட கடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய்வயல் கண்டுபிடிக்கப்பட்டதால் பணத்துக்கும் குறைவில்லாமற் போயிற்று. குறைவாக இருந்தது வேறொன்று. 1972, 1994 ஆகிய ஆண்டுகளில் நடந்த இரண்டு பொதுவாக்கெடுப்புகளிலும் ஐரோப்பிய இணைப்பை மக்கள் நிராகரித்தார்கள். அதனால் ஐரோப்பாவின் பெரிய முடிவுகள் எடுக்கப்படும் அறைக்கு வெளியே நின்றபடி, எடுக்கப்பட்ட முடிவுகளில் பெரும்பாலானவற்றைக் கடைப்பிடிக்கும் நிலை நோர்வேக்கு ஏற்பட்டது. அப்படிப்பட்ட நாட்டின் வெளிவிவகார அமைச்சருக்கு வாஷிங்டனிலோ மாஸ்கோவிலோ ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டுமானால், அவர் கையில் அந்தத் தலைநகரத்துக்கு வேண்டிய ஏதாவது இருக்க வேண்டும். மத்திய கிழக்கையும் இலங்கையையும் சூடானையும் பற்றிய நேரடித் தகவல்தான் அந்த ஏதாவது. நோர்வேயின் சமாதான முயற்சிகளில் இலட்சியவாதம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அது நிறையவே உண்டு. ஆனால் அந்த இலட்சியவாதத்துக்கு அரசு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

இந்த இரட்டைக் கணக்கு எண்ணெய்க்கும் முந்தியது. நோர்வேயின் முதல் அபிவிருத்தி உதவித் திட்டம் நடந்த இடம் கேரளத்தில் கொல்லத்துக்கு அருகிலுள்ள நீண்டகரை. 1952 இல் நோர்வே, இந்தியா, ஐ.நா. ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திட்ட அத்திட்டத்தின் பின்னணியில், நேட்டோவில் சேர்ந்ததால் ஆளும் தொழிற்கட்சியின் இடதுசாரிகளிடையே எழுந்த அதிருப்தியும் இருந்தது. போர்ச்செலவு ஏறும்போது சமாதானச் செலவு ஒன்றையும் காட்ட வேண்டியிருந்தது. இயந்திரப் படகுகள் வந்தன, இறால் ஏற்றுமதி பெருகியது. ஆனால் இலாபத்தின் பெரும்பகுதி யாருக்காகத் திட்டம் தொடங்கப்பட்டதோ அந்த ஏழை மீனவர்களைத் தாண்டிப் போனது. கடலடியை வாரி மீன்பிடிக்கும் இழுவைமடிப் படகுகளுக்கும் கரைவலை, கட்டுமர மீனவர்களுக்கும் இடையே பின்னர் மூண்ட சச்சரவுகளின் முடிவில், 1988 முதல் கேரளத்தில் மழைக்காலத்து இழுவைமடித் தடை வந்தது. எங்கள் பக்கத்தில் நோர்வே என்ற பெயரை அரசியலுக்கு முன்பே அறியச் செய்ததும் கடற்றொழில்தான். காரைநகரில் படகு கட்டிய சீநோர் நிறுவனத்தை அக்காலத்து யாழ்ப்பாணத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். ஊரில் சம்பாதித்த அந்த நல்லெண்ணம் எந்த விளம்பரத்தாலும் வந்ததல்ல.

அடுத்து, எல்லோரும் உதாரணம் காட்டும், இஸ்ரேலுக்கும் பலஸ்தீனருக்கும் இடையிலான ஒஸ்லோ உடன்பாட்டுக்கு வருகிறேன். 1993 ஜனவரியில் சார்ப்ஸ்போர்க் நகரிலுள்ள பொரகோர்ட் மாளிகையில் அந்த இரகசியச் சந்திப்பு தொடங்கியது. இஸ்ரேல் தரப்பில் வந்தவர்கள் யாயிர் ஹிர்ஷ்ஃபெல்ட், ரொன் புன்டாக் என்ற இரண்டு கல்வியாளர்கள். அரசுப் பதவி எதுவும் இல்லாதவர்கள். பலஸ்தீனத் தரப்பில் வந்தவர் அஹ்மத் குறேய். அழைத்தவரும் அமைச்சர் அல்லர். ஃபாஃபோ என்ற சமூக ஆய்வு நிறுவனத்தின் தலைவர் தெரியே ரோட் லார்சன். அந்நிறுவனம் காசாவிலும் மேற்குக்கரையிலும் மக்களின் வாழ்க்கை நிலை குறித்து ஆய்வு நடத்திக்கொண்டிருந்ததால், ஆய்வாளர்கள் கூடுகிறார்கள் என்ற போர்வை இயல்பாகவே கிடைத்தது. ஒரே வீட்டில் தங்கினார்கள், ஒரே மேசையில் உண்டார்கள். பேச்சு நடந்த அறைக்குள் நோர்வேயர்கள் உட்காரவில்லை. வெளியே காத்திருந்து, பேச்சு முறியும் நிலை வரும்போது மட்டும் இரு தரப்பையும் தனித்தனியே சந்தித்தார்கள். வெளிவிவகாரப் பிரதியமைச்சர் யான் ஏகலண்டும், பின்னர் அமைச்சர் ஹோல்ஸ்டும் அரசின் பலத்தைப் பின்னாலிருந்து கொடுத்தார்கள். செப்டெம்பரில் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் கைகுலுக்கல் நடப்பதற்கு முன், பரஸ்பர அங்கீகாரக் கடிதங்களுடன் பலஸ்தீனத் தலைவர் அராஃபத் ஹோல்ஸ்டுக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தார். ஒரு சிறிய நாட்டின் அமைச்சர் பெயருக்கு அப்படியொரு கடிதம் வருவது அபூர்வம்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒஸ்லோவின் வெற்றி பகிரங்கத்தால் வந்ததல்ல என்பது. எட்டு மாதங்கள் யாருக்கும் தெரியாமல் இருந்ததால்தான் அது கனிந்தது. நோர்வேயின் பெயர் உலகமெங்கும் பரவியது அதன் பின்னரே. உடன்பாட்டின் பிற்காலக் கதி எதுவாயினும், "சமாதானம் செய்யும் நாடு" என்ற பட்டம் நோர்வேயிடமே தங்கிவிட்டது. இஸ்ரேலியக் குடியேற்றங்களையும் எல்லைகளையும் தீர்மானிக்கும் பலம் தன்னிடம் இல்லாத நாடு, அவற்றைப் பிறகு பேசலாம் என்று ஒத்திவைத்த உடன்பாட்டுக்கு இடம் கொடுத்தது. வலிமை குறைந்த தரப்புக்கு அந்த ஒத்திவைப்பு எவ்வளவு பாதகமாயிற்று என்பதை அடுத்து வந்த ஆண்டுகள் காட்டின.

அந்தப் பட்டத்தோடுதான் அவர்கள் இலங்கைக்கு வந்தார்கள். 2002 பெப்ரவரி 22 ஆம் திகதி அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான யுத்தநிறுத்த ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டபோது எங்கள் வீடுகளில் இருந்த நிம்மதியை இன்று நினைத்தாலும் குறைத்து மதிப்பிட மனம் வராது. ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 பாதை திறந்தது. ஆண்டுக்கணக்காகப் பார்க்காதவர்களைப் பார்க்கப் பலர் ஊருக்குப் போனார்கள். ஒரு சிறிய நாட்டின் நற்பெயர் எங்களுக்கு வாங்கிக் கொடுத்த காலம் அது. ஆனால் அனுசரணையாளர் என்ற நிலையில் நோர்வேயால் செய்யக்கூடியது, இரு தரப்பும் விரும்பும் வரை செய்தி கொண்டுபோவதும் இடம் ஏற்பாடு செய்வதும் மட்டுமே. நடுவர் போலத் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் அதற்கு இல்லை. யுத்தநிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் நிலையும் அதுதான். நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து வந்த அந்தக் கண்காணிப்பாளர்களிடம் ஆயுதம் கிடையாது. முறைப்பாட்டை ஏற்று, விசாரித்து, ஒப்பந்த மீறலா இல்லையா என்று அறிவிப்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. கடத்தப்பட்ட பிள்ளைக்காக மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்த தாய்க்குக் கிடைத்தது, மீறல் நடந்திருக்கிறது என்ற பதிவுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்தது ஒருவகையில் நோர்வேக்கு உதவியது என்பதை 2006 காட்டியது. அவ்வாண்டு மே மாதத்தில் ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தது. ஒன்றிய நாட்டவர் எவரும் கண்காணிப்பில் இருக்கக்கூடாது என்று புலிகள் அறிவித்தார்கள். சுவீடனும் டென்மார்க்கும் பின்லாந்தும் வெளியேற, எஞ்சியவை நோர்வேயும் ஐஸ்லாந்துமே. வாக்கெடுப்பில் "வேண்டாம்" என்று சொன்னதன் பலனாகத் தொடர்ந்து பேசும் வாய்ப்பு மிஞ்சியது. ஆனால் பேசுவதற்குத்தான் ஆளில்லை.

நோர்வே இலங்கையில் சறுக்கிய இடம் எதுவென்றால், நீங்கள் கேட்கும் அந்த மக்களை நோக்கிய இராஜதந்திரமே என்பேன். நோர்வேயின் தூதர்களான சொல்ஹெய்மும் ஹெல்கசனும் தலைவர்களோடு பேசினார்கள். கொழும்பிலும் புலிகளின் தலைமையிடமான கிளிநொச்சியிலும் பேசினார்கள், ஒவ்வொரு கட்டத்திலும் டில்லிக்குப் போய் விளக்கமளித்தார்கள். தென்னிலங்கையின் கிராமங்களில் என்ன பேசப்பட்டது என்பதற்கு அவர்களிடம் பதில் இருக்கவில்லை. அனுசரணையாளரே கண்காணிப்புக்கும் தலைமை தாங்கியதால், நோர்வே புலிகளின் பக்கம் என்ற பிரசாரம் சிங்கள மக்களிடையே எளிதில் பரவியது. தூதரகத்தின் முன் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன, நோர்வேக் கொடி எரிக்கப்பட்டது. ஒஸ்லோ இரகசிய வழியில் பழகிய முறையை, தொலைக்காட்சிக் கமராக்கள் சூழ்ந்த ஒரு முயற்சியில் கையாண்டதன் விளைவு இது. 2003 நவம்பரில் பிரதமர் ரணில் வாஷிங்டனில் இருந்த வேளை ஜனாதிபதி சந்திரிகா மூன்று முக்கிய அமைச்சுகளைத் தம்வசம் எடுத்துக்கொண்டபோது, தெற்கில் யாருடைய சொல்லை நம்பிப் பேசுவது என்பதே தெளிவில்லாமற் போய், நோர்வே தன் பணியை இடைநிறுத்தியது. அதே ஆண்டு ஜூனில் தோக்கியோவில் உதவி வழங்கும் நாடுகளின் மாநாட்டில் வாக்குறுதியளிக்கப்பட்ட 450 கோடி டொலராலும் எதையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. போர் மறுபடி மூண்டபோது அதன் போக்கைத் தீர்மானித்தவை படைபலமும், அதற்கு உதவிய பிற தலைநகரங்களும்தான். 2009 ஏப்ரலில் ஒஸ்லோவிலிருந்த இலங்கைத் தூதரகத்துக்குள் ஆர்ப்பாட்டக்காரர் புகுந்து சேதம் விளைவித்த மறுநாளே, நோர்வேயின் அனுசரணை இனி வேண்டாம் என்று கொழும்பு அறிவித்தது. பெயரளவில் மட்டும் மிஞ்சியிருந்ததும் அத்தோடு போயிற்று.

நற்பெயர் தன்னையே திருப்பித் தாக்கும் சந்தர்ப்பமும் உண்டு. 2010 இல் சீனாவில் சிறையிலிருந்த மனித உரிமைப் போராளி லியூ சியாபோவுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, குழு சுயாதீனமானது, அரசுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஒஸ்லோ எவ்வளவு சொல்லியும் சீனா கேட்கவில்லை. ஆறு ஆண்டுகள் உறவு உறைந்து கிடந்தது. சீனச் சந்தையில் நோர்வேயின் சால்மன் மீனுக்கு இருந்த இடம் சரிந்தது. 2014 இல் தலாய் லாமா ஒஸ்லோவுக்கு வந்தபோது அரசுத் தலைவர்கள் எவரும் அவரைச் சந்திக்கவில்லை. சீனாவின் அடிப்படை நலன்களை மதிப்பதாக எழுதிக் கொடுத்த பின்பே 2016 டிசெம்பரில் உறவு சீரானது. மனித உரிமைக்காகப் பேர்பெற்ற நாடு அப்படி எழுதிக் கொடுத்ததை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் மென்சக்திக்கும் ஒரு விலைப்பட்டியல் உண்டு என்பதை அது காட்டியது. அணுவாயுத விடயத்திலும் இதுவே நடந்தது. அவ்வாயுதங்களின் மனிதாபிமான விளைவுகளைப் பற்றி 2013 இல் முதல் மாநாட்டைக் கூட்டியது ஒஸ்லோ. அதன் தொடர்ச்சியாக 2017 இல் உருவான தடை ஒப்பந்தத்தில் நோர்வே கையெழுத்திடவில்லை, நேட்டோ குறுக்கே நின்றது. கொத்துக்குண்டுத் தடையில் மட்டும், 2007 இல் தானே தொடங்கிய முயற்சியை 2008 இல் ஒஸ்லோவிலேயே கையெழுத்து வரை கொண்டுபோக முடிந்தது. அதில் நோர்வேயின் சொந்தப் பாதுகாப்பு பணயமாக இருக்கவில்லை.

எனவே, பின்பற்ற முடியுமா என்ற இரண்டாவது கேள்விக்கு, எண்ணெயையும் நோபலையும் நேட்டோவையும் எவரும் பின்பற்ற முடியாது என்பதே முதல் பதில். பின்பற்றக்கூடிய ஒன்று இருக்கிறது. அது அதிகம் பேசப்படுவதில்லை. வெளிவிவகார அமைச்சு, ஆய்வு நிறுவனங்கள், தேவாலய உதவி அமைப்புகள், அகதிகள் சபை போன்றவை பல ஆண்டுகளாக ஒரே ஆட்களை ஒரே பிரச்சினையில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் முறைதான் அது. சொல்ஹெய்ம் இடதுசாரி சோஷலிசக் கட்சியின் முன்னாள் தலைவர். அவருடைய கட்சி எதிரணியில் இருந்த காலத்திலும், கிறிஸ்தவ மக்கள் கட்சியின் பொண்டவிக் தலைமையிலான வலதுசாரிக் கூட்டரசாங்கம் இலங்கை விவகாரத்தில் அவரையே வைத்திருந்தது. ஒஸ்லோவில் அரசாங்கம் மாறியபோது கொழும்பும் கிளிநொச்சியும் புதிய முகத்தைச் சந்திக்க வேண்டியிருக்கவில்லை. போர் முடிந்த பின் தன் முயற்சியை மதிப்பிட வெளியாரைக் கொண்டு ஓர் ஆய்வை நடத்தச் செய்து, தனக்குப் பாதகமான முடிவுகளோடு அதை 2011 இல் நோர்வே வெளியிடவும் செய்தது. இந்த இரண்டுக்கும் எண்ணெய்க் கிணறு தேவையில்லை. ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தூதுவர் முதல் அமைச்சுச் செயலாளர் வரை ஆளும் கட்சிக்கேற்ப மாற்றும் நாடு, நற்பெயருக்காக எத்தனை கலை விழாக்கள் நடத்தினாலும், ஒரு தகராறில் இரு தரப்பும் நம்பி அழைக்கும் இடத்துக்கு வர முடியாது.