கந்தலும் ஓடையும்: ஜெர்மன்டவுன் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃபிலடெல்ஃபியாவின் ஜெர்மன்டவுன் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். 1683இல் ஜெர்மனியின் கிரேஃபெல்டிலிருந்து வந்த பதின்மூன்று குடும்பங்கள் அமைத்த ஊர். 1688இல் அடிமை முறைக்கு எதிராக எழுதப்பட்ட மனுவையும் அமெரிக்க விடுதலைப் போரில் 1777இல் அங்கே நடந்த சண்டையையும் விட்டால் அது வெறும் நெசவாளர் குடியிருப்புதான் என்று படுகிறது. 1854இல் நகரம் அதை விழுங்கிவிட்டது. அந்த இணைப்பு நடக்காதிருந்தால் ஊரின் ஜெர்மானியத்தன்மை பிழைத்திருக்குமா? முதலில் வந்தவர்கள் டச்சுக்காரர்கள் என்கிறார்களே, அது சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கொஞ்ச நாளாக மனதில் கிடந்த ஊரைத் தொட்டுவிட்டீர்கள். டச்சா ஜெர்மனா என்பதை விடுங்கள். கிரேஃபெல்ட் டச்சு எல்லையோர ஊர். முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் டச்சு பேசினார்கள், பின்னால் வந்தவர்கள் ஜெர்மன் பேசினார்கள். அந்தச் சண்டை, ஒரு காலைநேர மூடுபனியில் நடந்து முடிந்தது. அதையும் விடுங்கள்.

ஆனால் ‘வெறும் நெசவாளர்’ என்று எழுத எப்படி மனம் வந்தது? நீங்கள் போற்றும் மனுவில் கையெழுத்திட்ட நால்வரில் ஒருவரான ஆபிரகாம் ஓப் டென் கிராஃப் லினன் நெய்தவர். அந்த ஊரின் முத்திரையைப் பாருங்கள். மூன்று இதழ் கொண்ட ஓர் இலை. ஒன்றில் திராட்சைக்கொடி, ஒன்றில் ஆளிச் செடியின் (flax) பூ, ஒன்றில் நெசவுக்கான நூல்சுருள். அதை வகுத்தவர் ஊரை நிறுவிய பாஸ்டோரியஸ், சட்டம் படித்தவர். அவருக்கு இல்லாத கூச்சம் உங்களுக்கு ஏன்?

ஆளிநாரில் லினன் நெய்தார்கள். துணி நகரத்துக்குப் போனது, உடுத்திக் கிழிந்தது, கந்தலாகத் திரும்பி வந்தது. 1690இல் வில்லியம் ரிட்டன்ஹவுஸ் மோனோஷோன் ஓடைக்கரையில் கந்தலிலிருந்து காகிதம் செய்யும் ஆலை வைத்தார். அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேற்றங்களில் அதுவே முதல் காகித ஆலை. கூட்டாளிகளில் ஒருவர் அச்சுக்காரர் வில்லியம் பிராட்ஃபோர்ட்.

அந்தக் காலத்தில் கையால் காகிதம் செய்த முறையைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கந்தலை வெண்மைவாரியாகப் பிரிக்க வேண்டும். தையலும் பொத்தானும் நீக்கி, உள்ளங்கை அளவுக்கு வெட்டி, நனைத்துக் குவித்து வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். குவியல் உள்ளே சூடேறும். கிளறாமல் விட்டால் நடுப்பகுதி அழுகி நார் வீணாகும். ஊறல் போதாவிட்டால் உலக்கை நாரைப் பிரிக்காது, வெட்டிவிடும். அந்தக் காகிதம் மடித்த இடத்தில் கிழியும். நீர்ச்சக்கரத்தின் அச்சு மர உலக்கைகளைத் தூக்கிப் போடும். முதல் வரிசை உலக்கையில் கனத்த ஆணிகள், அடுத்ததில் மெல்லிய ஆணிகள், கடைசியில் வெறும் மரம். இடிபட்ட கூழைத் தொட்டியில் கரைத்தால் நூற்றில் ஒரு பங்குகூட நார் இருக்காது, மற்றதெல்லாம் தண்ணீர். கம்பிச் சட்டத்தை முக்கியெடுத்து நெடுக்கிலும் குறுக்கிலும் ஆட்டினால்தான் நார்கள் ஒன்றையொன்று பிடிக்கும். கையிலிருந்து ஒரு சொட்டு நீர் விழுந்தால் தாளில் தழும்பு நிற்கும். கம்பளித் துணிக்கு ஒரு தாளாக ஏறக்குறைய 144 தாள் சேர்ந்ததும் திருகு அழுத்தியில் பிழிந்து, மாடியில் கயிற்றில் காயவைத்து, தோல் வெட்டுத்துண்டுகளைக் காய்ச்சிய பசையில் படிகாரம் சேர்த்துத் தோய்க்க வேண்டும். தோய்க்காத தாளில் மை பரவும். கோடையில் பசையே புளித்துப்போகும்.

இந்த உழைப்பின் விலையும் பதிவாகியிருக்கிறது. 1697இல் பிராட்ஃபோர்ட் தன் கால் பங்கைப் பத்தாண்டுக்குக் குத்தகை விட்டபோது கேட்ட வருட வாடகை: அச்சுத்தாள் ஏழு ரீம், நல்ல எழுதுதாள் இரண்டு ரீம், நீலத்தாள் இரண்டு ரீம். அன்றைய ரீம் 480 தாள். ஆக, பதினோரு ரீமுக்கு 5,280 தாள். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தொட்டியிலிருந்து எடுத்தது. நடுவில் வெள்ளம் ஆலையை அடித்துப்போனது. 1702இல் திரும்பக் கட்டினார்கள்.

இப்போது 1854 பற்றி. அந்த இணைப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். 1691இல் செயலுக்கு வந்த தன்னாட்சி உரிமையை ஊர் 1707லேயே இழந்துவிட்டது, பதவி ஏற்க ஆள் கிடைக்கவில்லை என்பதால். நகரம் அங்கே நுழைந்தது கந்தல் மூட்டையோடு. 1832இல் ரயிலும் வந்தது. ஊருக்கும் நகரத்துக்கும் இடையே துணியும் தாளும் போய்வந்துகொண்டிருந்தபோது எந்தக் கோட்டுக்குள் அந்த ஜெர்மானியத்தன்மையை வைத்துக் காத்திருப்பீர்கள்?

நகரம் உண்மையிலேயே எடுத்துக்கொண்டது தண்ணீரை. மோனோஷோன் விசாஹிக்கன் ஓடையில் கலக்கிறது, விசாஹிக்கன் நகரம் குடிக்கும் ஸ்கூல்கில் ஆற்றில். காகித ஆலைக்குத் தெளிந்த நீர் வேண்டும். சேறு வந்தால் தாள் பழுப்பேறும். அதே ஆலை அழுக்கு நீரைக் கீழே விடும். 1868 முதல் நகரம் தன் குடிநீரைக் காக்க விசாஹிக்கன் பள்ளத்தாக்கைப் பூங்காவுக்காகக் கையகப்படுத்தி ஆலைகளை இடித்தது. ரிட்டன்ஹவுஸ் குடியிருப்பில் சில வீடுகள் நிற்கின்றன. முதல் ஆலை இல்லை. அது நின்ற இருபது ஏக்கருக்கு ரிட்டன்ஹவுஸ் எழுதி வாங்கிய குத்தகை 975 ஆண்டுகளுக்கு, வருடம் ஐந்து ஷில்லிங்.